வானம் பார்த்த அச்சுகள்

அந்தக் கோடையில் எங்கள் வீட்டுத் தளத்தின் மேல் இருநூற்றுக்கும் அதிகமான உருவங்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. குழலூதும் கிருஷ்ணன், தொப்பை சரிந்த செட்டியார், வாத்து, நாய்க்குட்டி, கைகூப்பிய பெண். எல்லாம் பொம்மை வார்க்கும் அச்சுகளின் முன்பாதிகள். அதனால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் குழி, கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் குழி. அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கும், காக்கை வந்து குடித்துவிட்டுப் போகும். நான்தான் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் அடுக்கினேன். வீடு குளிர வேண்டும், கரண்டு பில் ஏறக் கூடாது, இரண்டே ஆசைதான். இரண்டும் நடந்தன. கூடவே இன்னொன்றும் நடந்தது. அதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் அச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பொம்மை செய்ய முதலில் வெள்ளைப் பிளாஸ்டரில் அச்சு வார்க்க வேண்டும். அச்சின் இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்டி, கூழாகக் கரைத்த களிமண்ணை உள்ளே ஊற்றினால், பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மண் மட்டும் சுவரோரம் பிடித்து நிற்கும். ‘அச்சு தண்ணி குடிக்கிது’ என்போம். நல்ல அச்சு வேகமாகக் குடிக்கும். அப்படிக் குடிக்கிற அச்சை வார்ப்பதில் பேட்டையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. சூளைக்கு முன்னால் நின்று வேலை செய்தவன் என்பதால் சூட்டைப் பற்றியும் எல்லாம் தெரியும் என்ற திமிர் வேறு.

வீடு என்றால் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி. கல்யாணத்துக்கு முன்பே நான் கட்டியது. கான்கிரீட் தளம் போட்டதோடு கை ஓய்ந்துவிட்டது. தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன் மேல் தட்டோடு என்கிற தட்டை ஓட்டைப் பதிக்க வேண்டும். வெயிலையும் மழையையும் கீழே இறங்கவிடாமல் தடுப்பது அதுதான். ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்று கொத்தனாரிடம் சொன்னேன். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. ஆனால் தளம் போட்ட அன்று கொத்தனார் மறக்காமல் ஒன்று கேட்டார்.

“ஏணக் கொக்கி எங்க வெக்கட்டும்?”

எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாதவன் வீடு கட்டினாலும், பிள்ளை பிறந்தால் சேலையில் ஏணை கட்டித் தொங்கவிட ஒரு கொக்கியைத் தளத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே அறையின் நடுவைக் காட்டினேன். சித்தாள்கள் சிரித்தார்கள்.

அந்தக் கொக்கிக்கு வேலை வந்தது நான்கு வருஷம் கழித்துத்தான். மனைவி திட்டக்குடியில் அவள் அம்மா வீட்டில் பெண் பிள்ளை பெற்று, மூன்றாம் மாதம் சித்திரையில் வந்து சேர்ந்தாள். மாமியாரும் கூடவே வந்தார். பிள்ளையைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புது நைலான் கயிறு வாங்கி, கொக்கியில் மாட்டி, நானே தொங்கி ஆடிப் பார்த்தேன். அசையவில்லை.

ஆனால் வெயில் பிள்ளையை விடவில்லை. மணிமுத்தாற்றில் மணல் கொதித்தது. பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி அந்தச் சூட்டைக் கீழே இறக்கியது. மின்விசிறி அதை வாரி எங்கள் மேலேயே அடித்தது. நாலே நாளில் பிள்ளையின் முதுகு முழுக்க வேர்க்குரு, தலையில் இரண்டு வேனல் கட்டி. பால் குடிக்காமல் அழுது அழுது குரல் கம்மிப்போனது.

“மாப்ள, கோவிச்சிக்காதீங்க” என்றார் மாமியார். “இது வூடா, சூளையா? பத்து நாளு பாப்பேன். கொறையலன்னா ரெண்டு பேரயும் கூட்டிக்கிட்டுத் திட்டக்குடிக்குப் போயிடுவேன். மழ பேஞ்சப்பறம் கொண்டாந்து வுடுறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. சொந்தமாக வீடு கட்டியவன், அதில் என் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? மூன்று மாதம் பிரிந்து கிடந்தவனுக்கு இன்னும் இரண்டு மாதம் என்பது வேறு பெரிய கொடுமையாகப் பட்டது. கோபத்தில் எழுந்து போனேன்.

தெரிந்ததையெல்லாம் செய்தேன். தளத்தில் சுண்ணாம்பு அடித்தேன். ஜன்னலில் நனைத்த கோணி கட்டினேன். மச்சான் வீட்டிலிருந்து பழைய ஏர்கூலரை இரவல் வாங்கி வந்தேன். அது அறையைக் குளிரவைத்ததைவிடப் புழுங்கவைத்ததுதான் அதிகம். மீட்டர் சக்கரம் சுற்றுகிற வேகத்தைப் பார்த்துப் பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். நெய்வேலிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கரண்டுக்குப் பயந்து வாழ்கிறோமே என்று எரிச்சலாக வந்தது. அந்தக் கரண்டும் நினைத்தபோதெல்லாம் போய்விடும். நாங்கள் பட்டறையில் ப்யூஸ் கட்டையும் வார்ப்போம். ஊருக்கெல்லாம் ப்யூஸ் கட்டை செய்கிறவன் வீட்டில் விசிறி நின்றுபோய், பிள்ளைக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தோம்.

யோசனை வந்தது ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். பட்டறையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் ஈர அச்சுகள் அடுக்கியிருக்கும் இடத்தில் போய் அவற்றின் மேல் முதுகைச் சாய்த்துக்கொள்வோம். சூளை எரிகிற நாளிலும் அச்சு சில்லென்று இருக்கும், குடித்த தண்ணீரைக் காற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அப்படிச் சாய்ந்திருந்தபோது பட்டறைக்குப் பின்னால் கிடந்த குவியல் கண்ணில் பட்டது. வார்த்து வார்த்து மூக்கும் விரலும் மழுங்கிப்போன பழைய அச்சுகள். மண்ணோடு மண்ணாக மட்காமல் மலை மாதிரி கிடந்தன.

“எடுத்துக்கிட்டுப் போப்பா, எடம் காலியானா சரி” என்றார் முதலாளி.

டயர் வண்டியில் நாலு நடை அடித்தேன். தளம் முழுக்க ஒரு அடுக்கு. பிள்ளை தூங்கும் அறைக்கு மேல் மட்டும் இரண்டு அடுக்கு, அங்கே இன்னும் கூடுதலாகக் குளிரட்டும் என்று. காலையில் வேலைக்குப் போகும் முன், மத்தியானம் சைக்கிளில் வந்து, சாயங்காலம் திரும்பியதும் என்று மூன்று வேளை அடிபம்பில் தண்ணீர் அடித்துத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றினேன். பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும்கூட மேலே போயின.

முதல் நாள் சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. மூன்றாம் நாள் மாமியார் அறைக்குள் வந்து நின்று, கையை மேலே நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. பிள்ளையின் முதுகு ஆறியது, கட்டி உடைந்து காய்ந்தது. பத்தாம் நாள் மாமியார் தன் பையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். “போயிட்டு வரேன் மாப்ள. புள்ள பத்தரம்” என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை.

பகலில் விசிறியே போடுவதில்லை. ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

“என்னாங்க, ஓடுதா நிக்கிதா?”

“மேல ஏறிப் பாருங்க” என்றேன். ஏறிப் பார்த்துவிட்டு, “அடேங்கப்பா, பாத்தா பயமா இருக்குதுங்க” என்று இறங்கினார். தெருவிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தனக்கும் இரண்டு வண்டி அச்சு கேட்டு வாங்கித் தன் தளத்தில் அடுக்கிக்கொண்டார். வந்தவர்களுக்கெல்லாம் அச்சு எப்படித் தண்ணீர் குடிக்கும் என்று வாய் ஓயாமல் விளக்கினேன்.

ஒரே ஒருத்திக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. எங்கள் பட்டறையில் அச்சு சுமந்து காயவைக்கிற பெண். என்னைவிட நாலைந்து வயது இளையவள், வாயாடி.

“அண்ணே, நனச்சே வெச்சிருக்கீங்களா? காயவே வுடுறதில்லியா?”

“காஞ்சா எப்படிக் குளிரும்?”

“ஈர அச்ச ஒரே பலகையில நாம அடுக்க மாட்டமேண்ணே. பலக வளைஞ்சிடும்னு நீங்கதான கத்துவீங்க.”

உண்மைதான். பட்டறையில் அது கண்டிப்பான விதி. காய்ந்த அச்சை ஒரு கையால் தூக்கலாம், அதே அச்சு ஈரமானால் இரண்டு கையும் வேண்டும். ஈர அச்சுகளைப் பிரித்துப் பிரித்துத்தான் வைக்க வேண்டும், மாறி வைத்தால் திட்டுகிறவன் நான்தான். ஆனாலும் அவள் சொன்னதும் சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்தது எனக்கு ரோஷமாகிவிட்டது.

“பலகையும் கான்கிரீட்டும் ஒண்ணா? போயி வேலயப் பாரு” என்றேன். அவள் உதட்டைச் சுழித்துவிட்டுப் போனாள்.

வைகாசி முடிகிற சமயத்தில் மனைவி ஒன்று சொன்னாள். சாயங்காலம் நான் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கியதும், பிள்ளையோடு அறையில் தனியாக இருக்கும்போது, தளத்துக்கு மேலிருந்து ஒரு சத்தம் வருகிறதாம்.

“யாரோ மேல ஒக்காந்து உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிற மாரி இருக்குதுங்க.”

“அச்சு தண்ணி குடிக்கிது. அதான் சத்தம்.”

“தெரியும். ஆனா எவ்வளவு குடிச்சாலும் நிறுத்தவே மாட்டங்குதே.”

நான் சிரித்தேன். அடுத்த நாள் வேண்டுமென்றே அறையில் உட்கார்ந்து கேட்டேன். சுர்ர்ர் என்று மெல்லிய சத்தம், ஓய்ந்து, மறுபடி இன்னொரு மூலையில் தொடங்கியது. பட்டறையில் தினமும் கேட்கிற சத்தம்தான். தலைக்கு மேல் கேட்டபோது எனக்கும் என்னவோ போல் இருந்தது. ஏணையில் பிள்ளை கையை மடக்கித் தூங்கிக்கொண்டிருந்தது. மேலே அதற்கு நேராக எந்த அச்சு இருக்கிறது என்று யோசித்தேன். தவழும் கிருஷ்ணன். நான் வைத்ததுதான், ஆசையாக.

ஆனி பிறந்ததும் அறைக்கதவு சரியாகச் சாத்த வரவில்லை. மேல் ஓரம் நிலையில் உரசியது. ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கும் என்று சொல்லி இழைப்புளி வைத்துச் சீவிவிட்டேன். ஒரு வாரம் கழித்து மறுபடி உரசியது. மறுபடி சீவினேன். மரம் ஊதவில்லை, மேலே இருந்தது கீழே இறங்குகிறது என்று அப்போது என் புத்திக்கு எட்டவில்லை என்றுதான் சொல்ல ஆசை. எட்டியது. இரண்டாம் தடவை சீவும்போதே எட்டியது. கையில் இழைப்புளியோடு நின்று கொக்கியைப் பார்த்தேன்.

கொக்கியைச் சுற்றி ஒரு வட்டம் ஈரம் பூத்திருந்தது. நடுவில் டீ சிந்தியது போல் பழுப்பு. விரலால் தொட்டபோது காரை உதிர்ந்தது, உள்ளே முடி கனத்தில் ஒரு வெடிப்பு ஓடியது.

அந்த நிமிஷமே மேலே போய் அத்தனை அச்சையும் கீழே தள்ளியிருக்க வேண்டும். தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தவன், மாமியாரைத் தனியாக பஸ் ஏற்றிவிட்டவன், பட்டறையில் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணை அதட்டியவன், எப்படித் தள்ளுவேன்? வெயில் இன்னும் தணியவில்லை. ஒரு மழை வந்து ஊர் குளிர்ந்ததும் சத்தமில்லாமல் இறக்கிவிடலாம் என்று எனக்கு நானே தவணை சொல்லிக்கொண்டேன். அதுவரைக்கும் மனைவியின் கண்ணில் அந்த வட்டம் படக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் அப்போது பெரிதாக இருந்தது.

அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பட்டறையிலிருந்து பொட்டலம் கட்டிக் கொண்டுவந்த பிளாஸ்டரைக் குழைத்து, ஸ்டூல் மேல் ஏறி, கொக்கியைச் சுற்றிப் பூசினேன். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வழித்துவிட்டேன். அச்சு வேலைக்காரனுக்குக் கை எங்கே போகும்? தண்ணீர் கசிகிற இடத்தை, தண்ணீர் குடிக்கிற பொருளை வைத்தே அடைத்தேன். காய்ந்ததும் வட்டம் வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தது. சுற்றியும் கொஞ்சம் சுண்ணாம்பு தடவி மறைத்தேன். அன்று ராத்திரி அந்த ஏணையில் என் பிள்ளையைப் போட்டு நானே ஆட்டினேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். தண்ணீர் ஊற்றுவதைக் குறைத்தால் சூடு ஏறும், அவள் ஏன் என்று கேட்பாள். அதனால் ஊற்றினேன். ஒரு நாள் பிள்ளையின் நெற்றியில் ஒரு சொட்டு இருந்தது. வியர்வை என்று சொல்லி அவள் முந்தானையால் துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மழை வந்தது பத்தாம் நாள், மத்தியானம் மூன்று மணி வாக்கில். முதலில் புழுதிக்காற்று. பிறகு வானம் அப்படியே இருண்டு, கல்லால் அடிப்பது போல் மழை விழுந்தது. பட்டறையில் எல்லாரும் முற்றத்தில் காயவைத்த சரக்கைத் தூக்க ஓடினோம். நான் ஓடிப்போய் ஓர் அச்சை ஒரு கையால் எடுத்தேன். வரவில்லை. அதற்குள் ஊறிப்போயிருந்தது. இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபோது அந்தக் கனம் என் தோளில் இறங்கியது. அந்தக் கனத்தை இருநூறு மடங்காக நினைத்துப் பார்த்தேன். கைகூப்பிய பெண்ணும் செட்டியாரும் வாத்தும் மழையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கிடப்பது கண் முன்னால் வந்தது. அச்சை அப்படியே போட்டேன். அது உடைந்த சத்தத்துக்கு, அச்சு சுமக்கிற அந்த வாயாடிப் பெண் திரும்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போங்கண்ணே, சீக்கிரம் போங்க” என்றாள்.

சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டுக் குனிந்து நுழைந்து ஓடினேன். பிள்ளைக்கு மூன்று மணிதான் நல்ல தூக்க நேரம், ஏணையில் போட்டால் நாலரைக்குத்தான் எழும். அதை மட்டுமே நினைத்துக்கொண்டு ஓடினேன். கடவுளைக் கூப்பிடக்கூட எனக்கு வாய் வரவில்லை.

எதிர்வீட்டு வாசலில் கூட்டமாக நின்றார்கள். என்னைப் பார்த்ததும் விலகினார்கள். நடுவில் மனைவி நனைந்த சேலையோடு நின்றிருந்தாள். தோளில் பிள்ளை. பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை எதிர்வீட்டு அம்மாதான் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் உதட்டில் வெள்ளையாக ஏதோ சொட்டியிருக்கிறது. பால் கக்கிவிட்டது என்று நினைத்து இவள் எடுத்துத் துடைத்திருக்கிறாள். துணியில் ஒட்டியது பாலாக இல்லை. அதை வெளிச்சத்தில் பார்ப்பதற்காகப் பிள்ளையோடு கூடத்து ஜன்னலுக்கு வந்திருக்கிறாள். அவ்வளவுதான், பின்னால் அறை அதிர்ந்திருக்கிறது.

உள்ளே போய்ப் பார்த்தேன். தளம் முழுதாக விழவில்லை. கொக்கியும் அதைச் சுற்றி ஒரு முறம் அளவுக்குக் கான்கிரீட்டும் பெயர்ந்து விழுந்திருந்தன. ஏணை தரையில் கிடந்தது. சேலை முழுக்கக் கல்லும் காரையும், நடுவில் துருப்பிடித்த கொக்கி. மேலே ஓட்டை வழியாகக் கம்பிகள் தெரிந்தன. தண்ணீர் நிற்காமல் ஊற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் வந்து பார்த்த கொத்தனார், “இன்னும் அர மணி நேரம் பேஞ்சிருந்தா மொத்தமும் வந்திருக்கும்” என்றார். அச்சுகளையெல்லாம் கொல்லையில் தள்ளினோம். எதிர்வீட்டுக்காரரும் தன்னுடையதைத் தள்ளினார்.

ஆனால் அன்றைக்கு, மழை விட்டதும், கூட்டம் கலைந்த பிறகு, அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிள்ளை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. குரலில் கோபமே இல்லை.

“இப்படி ஆவும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? சத்தியமா தெரியாது” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பிடித்திருந்த கையை எடுக்காமல், மறு கையை மெதுவாக விரித்தாள். உள்ளங்கையில் உடைந்த பிளாஸ்டர் துண்டு ஒன்று இருந்தது. அரைவட்டம். ஏணைச் சேலையிலிருந்து எடுத்திருக்கிறாள். வெளிப்பக்கத்தில், வரிசையாக, வழித்து வழித்துவிட்ட என் கட்டைவிரலின் தடம். வலது கட்டைவிரலில் எனக்கு ஒரு வெட்டுத் தழும்பு உண்டு, நான் வார்க்கிற ஒவ்வோர் அச்சின் முதுகிலும் அந்தக் கோடு விழும். கல்யாணமான புதிதில் பட்டறைக்கு வந்தபோது அதை வைத்தே என் அச்சுகளைப் பொறுக்கிக் காட்டி அவள் விளையாடியிருக்கிறாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் பிள்ளையோடு திட்டக்குடிக்குப் போனாள்.

ஐப்பசியில் திரும்பி வந்தாள். அதற்குள் தளத்தை இடித்துப் புதிதாகப் போட்டு, இந்தத் தடவை சுண்ணாம்பு ஜல்லியும் தட்டோடும் பதித்துவிட்டேன். கொத்தனார் கொக்கியைப் பற்றிக் கேட்டபோது வேண்டாம் என்றேன். மகள் இப்போது காலேஜுக்குப் போகிறாள். சின்ன வயதில் வீடு இடிந்தது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அந்தப் பிளாஸ்டர் துண்டு எங்கள் பீரோவில், என் சட்டைகள் இருக்கும் தட்டில் இருக்கிறது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. பீரோவை எத்தனை தடவை ஒழுங்குபண்ணினாலும் மனைவி அதை அதே இடத்தில் திரும்ப வைத்துவிடுகிறாள். நான் தினமும் அதன் மேலிருந்துதான் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்.